ஏர்லி ஆக்சஸில் வரும் பேக்கப் கருவி: சேரலாமா, எதைச் சோதிப்பது?

கேள்வி: கோவையில் சுமார் 150 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். வாடிக்கையாளர் டிக்கெட்டுகள் (புகார், வேண்டுகோள் பதிவுகள்), புராஜெக்ட் வேலைகள், உள் ஆவணங்கள் எல்லாமே ஒரு கிளவுட் மென்பொருளில் இருக்கின்றன. அதை பேக்கப் எடுக்க வேறொரு நிறுவனத்தின் கருவியைப் பணம் கட்டிப் பயன்படுத்துகிறோம். இப்போது மென்பொருளைத் தரும் நிறுவனமே சொந்தமாக ஒரு பேக்கப், ரீஸ்டோர் கருவியைக் கொண்டுவருகிறது. அதன் ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாக வெளிவரும் முன்பே பயன்படுத்திப் பார்க்கும் திட்டத்தில், சேர எங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "உடனே சேர்ந்துவிடு, பழையதை நிறுத்தினால் செலவு மிச்சம்" என்கிறார் மேனேஜர். "முழுசா வெளிவராத எதையும் நம்ம டேட்டா பக்கம் அண்ட விடாதே" என்கிறார் எங்கள் சீனியர். இந்த மென்பொருளுக்கு நான் ஒருத்திதான் அட்மின். சேருவதா, வேண்டாமா? சேர்ந்தால் எதைச் சோதிக்க வேண்டும்? பேக்கப் ஓடி முடிந்து பச்சை டிக் வந்தால் போதாதா?

பதில்: சேருங்கள். ஆனால் பழைய பேக்கப்பை இப்போது நிறுத்தாதீர்கள். மேனேஜர் சொல்வதில் முதல் பாதியும் சீனியரின் கவலையும் சரி. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வழி இருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பச்சை டிக் போதாது. நகல் எடுக்கும் வேலை பிழை காட்டாமல் முடிந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நகலுக்குள் எல்லாம் இருக்கிறதா, அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா, கொண்டுவந்தபின் உங்கள் ஆட்கள் மறுநாள் காலை உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா என்பதெல்லாம் ரீஸ்டோர் செய்து பார்த்தால்தான் தெரியும். ஏர்லி ஆக்சஸ் உங்களுக்குத் தரும் பெரிய லாபமும் அதுதான்: அவசரமில்லாத நேரத்தில், கருவியைக் கட்டியவர்களே கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, ரீஸ்டோரைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் வாய்ப்பு. சேருகிற பலர் பேக்கப்பை ஒருமுறை ஓட்டிவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று கருத்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் அவர்களுக்கும் பயனில்லை, கருவியைக் கட்டியவர்களுக்கும் பயனில்லை.

கிளவுட் நிறுவனமே பேக்கப் எடுக்கிறதே, நமக்கு எதற்குத் தனியாக என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு 2022 ஏப்ரலில் அட்லாசியனில் நடந்ததைச் சொல்லுங்கள். வேலைகளையும் ஆவணங்களையும் நிர்வகிக்கும் ஜிரா, கன்ஃப்ளூயன்ஸ் ஆகிய கிளவுட் மென்பொருள்களைத் தரும் நிறுவனம் அது. பழைய ஆப் ஒன்றை வாடிக்கையாளர் தளங்களிலிருந்து நீக்குவதற்காக ஏப்ரல் 5 அன்று ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டினார்கள். நீக்க வேண்டிய ஆப்பின் அடையாள எண்கள் போக வேண்டிய இடத்தில், அந்த ஆப் இருந்த முழுத் தளங்களின் அடையாள எண்கள் போய்விட்டன. நிரல்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் வழியான ஏ.பி.ஐ. இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் தரவில்லை. அரை மணி நேரத்துக்குள் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் அழிந்தன. கடைசி வாடிக்கையாளருக்குத் தளம் திரும்பக் கிடைத்தது ஏப்ரல் 18 அன்று.

அங்கே பேக்கப் இருந்தது, நல்ல நிலையிலும் இருந்தது. பெரும்பாலானோர் இழந்தது அழிவுக்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குள் செய்த மாற்றங்களை மட்டும்தான். பிறகு ஏன் இரண்டு வாரம்? பல வாடிக்கையாளர்களின் டேட்டா ஒரே தரவுத்தளக் கட்டமைப்பில் கலந்து இருந்தது. மொத்தத்தையும் பழைய நேரத்துக்குத் திருப்பினால், பாதிக்கப்படாதவர்களின் அன்றைய வேலையும் சேர்ந்து போய்விடும். பாதிக்கப்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் சூழலுக்குள் மொத்தமாகத் திரும்ப வைக்கும் தானியங்கி வழி அப்போது அவர்களிடம் இல்லை. கிட்டத்தட்ட கையால் செய்ய வேண்டியதாயிற்று. இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. தளத்தோடு வாடிக்கையாளரின் தொடர்பு விவரங்களும் அழிந்துபோனதால், உதவி கேட்டு வழக்கமான முறையில் டிக்கெட் போடக்கூடப் பலரால் முடியவில்லை. உங்கள் கணக்கு எண், ஒப்பந்த எண், விற்பனையாளரின் அவசரத் தொடர்பு ஆகியவற்றை அந்த மென்பொருளுக்கு வெளியே, ஒரு தாளிலாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே செய்துவிடுங்கள்.

ஆக, அவர்கள் எடுக்கும் பேக்கப் அவர்களுடைய விபத்துக்காக. உங்கள் ஊழியர் ஒருவர் தவறான புராஜெக்ட்டை அழித்துவிட்டால், அது உங்கள் விபத்து. அதற்கு அவர்கள் தருவது பெரும்பாலும் குப்பைத் தொட்டியும் ஒரு காலக்கெடுவும் மட்டும்தான். மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயின்ட்டில் அழித்தது 93 நாள் இருக்கும். கூகுள் டிரைவில் குப்பைத் தொட்டியில் 30 நாள், அது காலியானபின் அட்மின் மீட்க இன்னும் 25 நாள். அழிந்தது தெரிவதற்கே நான்கு மாதம் ஆனால்? ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கிற ஆவணங்களில் இது சாதாரணமாக நடக்கும். வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் கிளவுட் மென்பொருளைத் தரும் சேல்ஸ்ஃபோர்ஸ், கடைசிக் கட்ட உதவியாகக் கட்டணத்துக்குச் செய்துவந்த டேட்டா மீட்புச் சேவையை 2020 ஜூலை 31 அன்று நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் எதிர்த்ததால் 2021இல் மீண்டும் கொண்டுவந்தது. அந்தச் சேவைக்குக் கட்டணம் 10,000 டாலர், முடிய ஆறு முதல் எட்டு வாரம். அந்த நிலையிலிருந்து, வாடிக்கையாளரே தன் டேட்டாவைத் தானே மீட்டுக்கொள்ளும் கருவிகள் வரத் தொடங்கியிருப்பது பெரிய முன்னேற்றம். உங்களுக்கு வந்த அழைப்பை அதனால்தான் மதிக்கச் சொல்கிறேன்.

சேரும் முன் ஏர்லி ஆக்சஸ் ஒப்பந்தத்தைப் படியுங்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாக "உள்ளது உள்ளபடி" தருகிறோம், சேவை உத்தரவாதம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் அல்லது நிறுத்துவோம் என்று இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பழைய பேக்கப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் வேறு. ஏர்லி ஆக்சஸ் காலத்தில் எடுத்த பேக்கப்பை, கருவி முழுமையாக வெளிவந்தபின்னும் ரீஸ்டோர் செய்ய முடியுமா? கோப்பு வடிவம் மாறினால் பழையவை வீணாகுமா? பேக்கப் எந்த நாட்டில் சேமிக்கப்படும்? பேக்கப்பைப் பூட்டும் மறையாக்கச் சாவி யாரிடம்? திட்டம் நின்றுபோனால் நகல்களை எத்தனை நாளுக்குள் நீங்கள் இறக்கிக்கொள்ள வேண்டும்? இலவசம் எதுவரை?

நாடு பற்றிய கேள்விக்கு இந்தியாவில் ஒரு தனிக் காரணம் உண்டு. கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்ட்டில் வந்த திருத்தத்தின்படி, மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். டிக்கெட் மென்பொருள் கணக்குப் புத்தகம் ஆகாதுதான். ஆனால் சில அலுவலகங்களில் பில், செலவு ஒப்புதல், அதற்கான வவுச்சர் எல்லாம் டிக்கெட்டோடு இணைத்த கோப்பாக மட்டுமே கிடக்கும். உங்களிடம் அப்படி இருந்தால் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி சோதனைக்கு வருவோம்.

நடப்புத் தளத்தில் ரீஸ்டோர் பொத்தானைத் தொடவே கூடாது. சாண்ட்பாக்ஸ் (நடப்புத் தளத்தைத் தொடாமல் சோதிக்கும் தனி இடம்) கேளுங்கள், அது உங்கள் திட்டத்தில் இல்லையென்றால், ஏர்லி ஆக்சஸில் சேர்வதற்கு ஒரு தனிச் சோதனைத் தளத்தை நிபந்தனையாகவே கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். அதில் ஒரு புராஜெக்ட்டை நீங்களே கட்டுங்கள். நூறு டிக்கெட் இருந்தால் போதும். எண்ணிக்கையைவிட வகைதான் முக்கியம். உங்கள் நடப்புத் தளத்தில் என்னென்ன விசித்திரங்கள் இருக்கின்றனவோ அத்தனையும் அதில் ஒவ்வொன்றாவது இருக்க வேண்டும்: பெரிய வீடியோ இணைப்பு, பூஜ்ஜிய அளவுக் கோப்பு, ஒரே பெயரில் இரண்டு கோப்பு, குறிப்பிட்ட குழு மட்டும் பார்க்கக்கூடிய கருத்து, வேலையை விட்டுப் போனவர் பெயரில் உள்ள டிக்கெட், வேறு புராஜெக்ட்டில் உள்ள டிக்கெட்டுக்கான இணைப்பு, நீங்களே உருவாக்கிய புலங்கள், ஒர்க்ஃப்ளோ, தானியங்கி விதி, ஆவணப் பக்கத்தின் பழைய பதிப்புகள், ஆர்க்கைவ் செய்த பக்கம். எல்லாவற்றின் எண்ணிக்கையையும் ஒரு ஷீட்டில் குறித்து, முக்கியமான பக்கங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் ரீஸ்டோர் செய்தால், திரையில் நிறைய டிக்கெட் தெரிவதைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று மனம் நம்பிவிடும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளையும் அவசியம் சேருங்கள். வெளிநாட்டில் கட்டும் குழுக்களுக்கு இது தோன்றவே தோன்றாது. "கொள்முதல்" என்ற பெயரில் வரும் "கொ"வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். மேக், விண்டோஸ், லினக்ஸ் என்று கைமாறி வரும் கோப்புகளில் இந்தக் கலப்பு வரும். கருவி நடுவில் பெயரை ஒரு வடிவத்துக்கு மாற்றிவிட்டால், பக்கத்தில் உள்ள இணைப்பு பழைய வடிவத்தைத் தேடும், கோப்பு புதிய வடிவத்தில் இருக்கும், படம் வராது. எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்தால் இது பிடிபடாது. பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஜிப் கோப்பாக இறக்கும் வசதி இருந்தால், அதையும் விண்டோஸில் விரித்துப் பார்த்துப் பெயர்கள் கட்டங்களாக மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

பேக்கப் எடுத்தாயிற்று. இப்போது அழியுங்கள். இரண்டு டிக்கெட்டை அழிப்பது, ஒரு புலத்தையே நீக்குவது, ஒரு ஆவணத் தொகுப்பை முழுவதுமாக அழிப்பது, தளத்தையே காலி செய்வது என்று நான்கு வகை அழிவையும் தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றையும் மீட்டுப் பாருங்கள். நடைமுறையில் தளம் முழுவதும் அழிவது அபூர்வம். வாராவாரம் வரும் வேண்டுகோள் "அந்த ஒரு பக்கத்தை மட்டும் நேற்றைக்கு இருந்த மாதிரி கொடுங்களேன்" என்பதுதான். தளம் முழுவதையும் மட்டுமே திருப்பத் தெரிந்த கருவி இந்த வேண்டுகோளுக்கு உதவாது. ஒரு பக்கத்துக்காக 150 பேரின் ஒரு நாள் வேலையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ரீஸ்டோர் என்பது அழிந்ததை அப்படியே திரும்ப வைப்பது என்று நினைக்கிறோம். பல கருவிகள் உள்ளே செய்வது வேறு: நகலைப் படித்து, எல்லாவற்றையும் புதிதாக உருவாக்குகின்றன. வீடு மாற்றும்போது எல்லாச் சாமானும் வந்து சேர்ந்துவிடும், எது எந்த அலமாரியில் இருந்தது என்பதுதான் வராது, அதுபோல. புதிதாக உருவான டிக்கெட்டுக்குப் புதிய எண் வந்தால், வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களிலும், கோடு கமிட்டுகளிலும் (நிரல் மாற்றக் குறிப்புகளிலும்), வேறு ஆவணங்களிலும் இருக்கும் பழைய எண்கள் எல்லாம் எங்கும் போய்ச் சேராது. உருவாக்கிய தேதி ரீஸ்டோர் நாளாக மாறிவிட்டால், எத்தனை நாளில் பதில் தந்தோம் என்ற உங்கள் எஸ்.எல்.ஏ. (சேவைக் காலக்கெடு) கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். விலகிப்போன ஊழியரின் கருத்துகள் "அநாமதேயர்" என்றோ, இன்னும் மோசமாக உங்கள் பெயரிலோ வரலாம். கருத்துகளை எழுதியவர் யார் என்பது தகராறில் சாட்சியாகும் நிறுவனங்களில் இது சின்ன விஷயம் இல்லை.

அனுமதிகளைத் தனியாகப் பாருங்கள். சம்பளம் பற்றிய பக்கம் மனிதவளத் துறைக்கு மட்டும் என்று பூட்டியிருந்தது. மீட்டபின் பூட்டு வரவில்லை என்றால் பக்கம் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். டேட்டா வந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் இது நடக்கும். அட்மின் கணக்கில் பார்த்தால் தெரியவே தெரியாது, ஏனென்றால் அட்மினுக்கு எல்லாமே தெரியும். சாதாரணப் பயனர் ஒருவரின் கணக்கில் நுழைந்து, தெரியக் கூடாதது தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றை முன்கூட்டியே தடுக்க வேண்டும். ரீஸ்டோர் ஆயிரம் டிக்கெட்டைப் புதிதாக உருவாக்கும்போது, "டிக்கெட் உருவானால் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பு" என்ற விதி விழித்துக்கொண்டால் என்ன ஆகும்? மூன்று வருடத்துக்கு முன் முடிந்த புகார்களுக்கெல்லாம் "உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம்" என்று கடிதம் போகும். சோதனைத் தளத்தில் வெளிச்செல்லும் மின்னஞ்சல், வெப்ஹுக் (வேறு மென்பொருளுக்குத் தானாகப் போகும் செய்தி), தானியங்கி விதிகள் எல்லாவற்றையும் முதலில் அணையுங்கள். பிறகு உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரி மட்டும் இருக்கும் ஒரு விதியை வைத்து, ரீஸ்டோர் அதைத் தட்டி எழுப்புகிறதா என்று சோதியுங்கள். எழுப்பினால் அதுதான் நீங்கள் விற்பனையாளருக்கு எழுத வேண்டிய முதல் பிழை.

கூடுதலாக வாங்கிய ஆப்களின் டேட்டா, ஆடிட் லாக் (யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவு), டாஷ்போர்டு, சேமித்து வைத்த தேடல்கள் ஆகியவை பேக்கப்பில் பெரும்பாலும் விடுபடும். ஏர்லி ஆக்சஸ் ஆவணத்தில் "எவை சேரும்" என்ற பட்டியல் இருக்கும். "எவை சேராது" என்ற பட்டியலை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். பேக்கப் மூன்று மணி நேரம் ஓடுகிறது என்றால், ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அது ஓடும். முதல் நிமிடத்தில் டிக்கெட்டை நகலெடுத்து, கடைசியில் இணைப்புகளை நகலெடுத்தால், நடுவில் மாறியவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. பேக்கப் ஓடும்போது வேண்டுமென்றே சில டிக்கெட்டுகளை மாற்றி, மீட்டபின் அவை எந்த நிலையில் வருகின்றன என்று பாருங்கள்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நூறு டிக்கெட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு லட்சத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள். ஏ.பி.ஐ.க்கு மணிக்கு இவ்வளவு என்ற வரம்பு இருக்கும். இணைப்புகளின் மொத்த அளவு வேகத்தை மாற்றும். முடிந்தால் நடப்புத் தளத்தின் முழு நகலை ஒருமுறை சோதனைத் தளத்தில் மீட்டு, ஆகும் நேரத்தைப் பாருங்கள். அந்தத் தளத்தில் உண்மையான வாடிக்கையாளர் விவரம் வந்துவிடும் என்பதால் யார் நுழையலாம் என்பதை இறுக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். கிடைத்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம் இந்த மென்பொருள் இல்லாமல் நாம் தாங்குவோம்? எத்தனை மணி நேர வேலையைத் திரும்பச் செய்ய ஒப்புக்கொள்வோம்? ஆர்.டி.ஓ., ஆர்.பி.ஓ. என்று பெரிய பெயர்களில் சொல்வது இவற்றைத்தான். அவர் சொல்லும் விடை எட்டு மணி நேரமாகவும், உங்கள் சோதனை காட்டுவது முப்பது மணி நேரமாகவும் இருந்தால், செலவு மிச்சம் என்ற பேச்சு அங்கேயே வேறு பக்கம் திரும்பும்.

கருவி தோற்றுப்போனால் அதை உங்களுக்குச் சொல்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல் எழுதுபவர்களின் கோடைச் சேமித்துவைக்கும் சேவையைத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், வழக்கமாக எடுத்துவைக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, நகல் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பில் இருந்ததால் பேக்கப் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ, போலி மின்னஞ்சலைத் தடுக்கும் டீமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) காப்பாற்றியது. அப்படியும் சுமார் 5,000 புராஜெக்ட்டுகளும், 5,000 கருத்துகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. அந்த நிறுவனம் இதையெல்லாம் மறைக்காமல் பொதுவில் எழுதியதால்தான் நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள முடிகிறது. அதற்காக அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அதனால் கருவி உங்கள் தளத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் அனுமதிக் குறியான டோக்கனை நீங்களே ரத்து செய்துவிட்டு, அடுத்த பேக்கப் நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சேமிப்பிடத்தை நிரப்பிப் பாருங்கள். ஓடும்போது நடுவில் நிறுத்திப் பாருங்கள். எச்சரிக்கை வருகிறதா, எவ்வளவு நேரத்தில், யாருக்கு? உங்கள் ஒருவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் வந்தால், நீங்கள் விடுப்பில் இருக்கும் வாரத்தில் யாருக்கும் தெரியாது. குழு முகவரி ஒன்றைப் போடுங்கள். தோல்விக்கு மட்டும் செய்தி அனுப்பும் கருவியைவிட, தினமும் "இத்தனை டிக்கெட், இத்தனை இணைப்பு, நேற்றைவிட இவ்வளவு அதிகம்" என்று சொல்லும் கருவி மேல். செய்தி வராத நாள் உடனே கண்ணில் படும்.

ஒரே நிறுவனத்தின் கையில் மென்பொருளும் பேக்கப்பும் இருப்பது பற்றி உங்கள் சீனியருக்குக் கவலை இருந்தால், அதில் நியாயம் இருக்கிறது. 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதி நிறுவனமான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் சூழல், அமைக்கும்போது காலியாக விடப்பட்ட ஒரு மதிப்பால் தானாகவே அழிந்துபோனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்சிக்குப் பெரிதும் உதவியது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓ.வி.எச். என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். தென்கொரியாவின் தேஜோனில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசு டேட்டா சென்டரில் பிடித்த தீயில், அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பகம் அழிந்தது. 858 டெராபைட், வெளியே நகல் இல்லை. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு இடத்தில் என்ற 3-2-1 விதி பழையதுதான், கிளவுட்டிலும் அது மாறவில்லை. புதிய கருவி உங்கள் பேக்கப்பை நீங்கள் சொல்லும் வேறொரு சேமிப்பிடத்துக்கு அனுப்ப அனுமதிக்கிறதா என்பது, அதை நீண்ட காலத்துக்கு வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்கும் கேள்வி. அனுமதித்தால், இறக்கிய கோப்பு அவர்களின் மென்பொருள் இல்லாமலும் படிக்கக்கூடிய வடிவமா என்று திறந்து பாருங்கள்.

அனுமதி பற்றி இன்னும் ஒரு சொல். ரீஸ்டோர் பொத்தான் இருப்பவர் கையில் தளத்தையே மேலெழுதும் அதிகாரம் இருக்கிறது. பேக்கப்பை அழிக்கும் பொத்தானும் அதே கணக்கில் இருந்தால், அந்தக் கணக்கு ஒருமுறை திருடுபோனால் போதும். இருவர் ஒப்புதல், அழித்தாலும் சில நாள் தங்கும் பேக்கப் ஆகிய வசதிகள் இன்னும் வரவில்லை என்றால் கேளுங்கள். மீட்டெடுத்தலில் சட்டம் தொடர்பான ஒரு மூலையும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் தன் விவரங்களை நீக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. வாடிக்கையாளர் கேட்டு நீங்கள் நீக்கிய விவரம், பழைய பேக்கப்பை மீட்டால் உயிர்பெற்று வந்துவிடும். நீக்கியவற்றின் பட்டியலைத் தனியே வைத்து, மீட்டபின் மறுபடி நீக்க ஒரு வழி வேண்டும்.

பிழை எழுதும்போது "ரீஸ்டோர் வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். எந்த நேரத்து பேக்கப், என்ன அழித்தீர்கள், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, வேலையின் அடையாள எண் என்ன என்று எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் இருக்கக் கூடாது. இந்தச் சில மாதங்களில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் எடை பின்னால் இருக்காது. கருவி முழுமையாக வெளிவந்தபின் "தமிழ்க் கோப்புப் பெயர் உடைகிறது" என்று எழுதினால் அது ஆயிரம் வேண்டுகோளில் ஒன்று. இப்போது எழுதினால், அதைக் கட்டுகிற பொறியாளரே படிப்பார். நம் மொழியில் வேலை செய்யும் எத்தனையோ அலுவலகங்களுக்காக நீங்கள் அதைச் செய்தவராவீர்கள்.

நீங்கள் ஒருத்திதான் அட்மின் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி அது. சோதனை முடிவுகளை வைத்து, ரீஸ்டோர் செய்யும் முறையைப் படிப்படியாக எழுதுங்கள்: முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், எவற்றை அணைக்க வேண்டும், எங்கே நுழைய வேண்டும், எவற்றைச் சரிபார்க்க வேண்டும். பிறகு இந்த மென்பொருளின் அட்மின் பக்கத்தையே பார்த்திராத ஒரு சக ஊழியரை உட்காரவைத்து, அந்தத் தாளை மட்டும் கொடுத்து, சோதனைத் தளத்தை மீட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் தாளில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

கடைசியாக மேனேஜரின் செலவுக் கணக்கு. பழைய கருவியின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால், அடுத்த புதுப்பிப்பில் மாதத்துக்கு மாதம் கட்டும் வகையில் சில மாதம் நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். போட்டிக் கருவி வருகிறது என்று தெரிந்தால் பேச்சுக்கு வருவார்கள். ஏர்லி ஆக்சஸ் எவ்வளவு காலம் நீளும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: மைக்ரோசாஃப்ட் 365 பேக்கப் 2024 தொடக்கத்தில் முன்னோட்டமாக வந்து, அந்த ஆண்டு ஜூலை இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பழையதை நிறுத்த நான்கு நிபந்தனைகளை மேனேஜரிடம் இப்போதே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கருவி சேவை உத்தரவாதத்தோடு முழுமையாக வெளிவந்திருக்க வேண்டும். வெளிவந்த பதிப்பில் உங்கள் நான்கு வகை அழிவுகளும் மீண்டிருக்க வேண்டும். விலை தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்று இலவசமாக இருப்பது நாளை ஒரு ஜி.பி.க்கு இவ்வளவு என்று ஆகலாம். பழைய கருவியில் இருக்கும் கடந்த ஆண்டுகளின் நகல்களை வேறிடத்துக்கு இறக்கிவைத்திருக்க வேண்டும். கணக்கை மூடினால் அவையும் சேர்ந்து போகும், பலர் அதைக் கவனிப்பதில்லை. இந்த நான்கும் நிறைவேறிய மாதத்தில் பழையதை நிறுத்தச் சொல்லி நீங்களே மேனேஜருக்கு எழுதலாம்.